கண்ணாடியில் ஒரு கூரை

'பாகுபலி' (2015) படத்தில் வானத்தைத் தொடும் அருவி பார்த்தீர்களா? வால்பாறையிலிருந்து சாலக்குடி போகிற வழியில் இருக்கும் அதிரப்பள்ளி அருவிதான் அது. நிஜ உயரம் சுமார் 80 அடி. மீதி கம்ப்யூட்டர் வேலை! இப்படி, கேமராவில் எடுத்த காட்சியோடு வரைந்த காட்சியைச் சேர்ப்பதற்கு மேட் பெயிண்டிங் என்று பெயர்.

கம்ப்யூட்டருக்கு முன்பே இது உண்டு. 1907-ல் அமெரிக்காவில் நார்மன் டான் என்பவர் கேமரா முன் கண்ணாடி வைத்து, பாழடைந்த தேவாலயங்களின் இடிந்த பாகத்தை மட்டும் அதில் வரைந்தார். படத்தில் முழுக் கட்டடமாகத் தெரிந்தது.

நாமும் செய்யலாம். நம் பள்ளியில் ஓடு இல்லாமல் நிற்கிற பழைய வகுப்பறை இருக்கிறதே, எங்க அம்மிச்சி படிச்சது அங்கேதான். அதற்கு எதிரே கண்ணாடியை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, போஸ்டர் கலரில் கூரை வரையுங்கள். தலையை அசைத்தால் கூரை நகர்ந்துவிடும்! அதனால்தான் கேமராவையும் அசையாமல் வைப்பார்கள்.

வெயில் எந்தப் பக்கமோ, ஓட்டிலும் அந்தப் பக்கம்தான் வெளிச்சம் வேண்டும்.

பின்னால் மலை வரைவதுதான் கஷ்டம். மேற்கே பாருங்க. கிட்ட இருக்கிற கரடு பச்சை, வெள்ளியங்கிரி நீலம், அதுக்கும் பின்னாடி இருக்கறது வானத்தோட கலந்து வெளுத்திருக்கும். இடையில் உள்ள காற்று ஒளியைச் சிதற வைப்பதே காரணம். நாமோ எல்லா மலைக்கும் கரும்பச்சை அடிக்கிறோம்!

கம்ப்யூட்டரில் வரைய கிரிட்டா என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலும் இதே கணக்குதான்.

கண்ணாடி விளிம்பில் மறக்காமல் டேப் ஒட்டுங்க, கையைக் கிழிச்சிரும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி