கோப்பு மாறவில்லை, பொருள் மாறியது!

மாணவர்களே, 03/04/2025 என்ற தேதியை நாம் ஏப்ரல் 3 என்று படிப்போம். அமெரிக்காவில் அதையே மார்ச் 4 என்று படிப்பார்கள். எழுதியதில் பிழை இல்லை. படிக்கும் விதிதான் வேறு. கணினிக் கோப்புகளிலும் இதே சிக்கல் உண்டு.

பெரிய இணையத்தளங்கள் பல சர்வர்களில் இயங்குகின்றன. எந்த நாட்டில் எந்தச் சர்வர், எந்தக் கோப்பை யார் படிக்கலாம் என்பதையெல்லாம் பொறியாளர்கள் அமைப்புக் கோப்புகளில் எழுதி வைக்கிறார்கள். மென்பொருள் அவற்றைப் படித்து, அதன்படி சர்வர்களை அமைக்கிறது. இக்கோப்புகளை எழுதப் பரவலாகப் பயன்படுவது ‘யாமல்’ என்ற மொழி. அதன் 1.2 பதிப்பு 2009இல் வெளிவந்தது. எனினும், பழைய 1.1 விதிப்படி படிக்கும் மென்பொருள்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

காணாமல் போன நார்வே

நாடுகளின் ஈரெழுத்துக் குறியீட்டில் மலேசியா எம்-ஒய், சிங்கப்பூர் எஸ்-ஜி, நார்வே என்-ஓ. கடைசிக் குறியீட்டைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள்: ‘நோ’! 1.1 பதிப்பில் ‘எஸ்’ என்றால் உண்மை, ‘நோ’ என்றால் பொய். ஆகவே நார்வே இருந்த இடத்தில் ‘பொய்’ என்ற மதிப்பு வந்துவிடும். 1.2 பதிப்பில் அது வெறும் சொல்தான்.

எண்ணிலும் குழப்பம்

0644 என்பது ஒரு கோப்பின் அனுமதி எண். உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். மற்றவர்கள் படிக்க மட்டுமே முடியும். பூஜ்யத்தில் தொடங்குவதால் 1.1 அதை 8 அடிமான எண்ணாகக் கொள்ளும்:

6×64 + 4×8 + 4 = 420

1.2 அதைச் சாதாரண 644 என்று படிக்கும். 8 அடிமானத்தில் அது 1204. இந்த அனுமதியின்படி உரிமையாளரே தம் கோப்பைப் படிக்க முடியாது!

லிண்ட் எப்படி உதவும்?

துணியில் ஒட்டும் பஞ்சுத் துகளுக்கு ஆங்கிலத்தில் லிண்ட் என்று பெயர். 1978இல் பெல் ஆய்வகத்தின் ஸ்டீவன் ஜான்சன், சி மொழி நிரல்களைச் சோதிக்கும் தம் கருவிக்கு அப்பெயரைச் சூட்டினார். யாமல் கோப்புகளுக்கு ‘யாமல்லிண்ட்’ உள்ளது. அது கோப்பைப் படித்து, ஐயத்துக்குரிய இடங்களை வரி எண்ணுடன் காட்டும். சர்வரைத் தொடுவதே இல்லை. ‘நோ’ போன்ற சொற்களை அது தானாகவே சுட்டும்; பூஜ்யத்தில் தொடங்கும் எண்களுக்கான விதியை நாம்தான் இயக்கிவிட வேண்டும்.

திருத்தம் எளிது. அச்சொல்லையோ எண்ணையோ மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். இரு பதிப்புகளும் அதை எழுத்தாகவே ஏற்கும்.

ஆனால் சிங்கப்பூர் என்று எழுத வேண்டிய இடத்தில் மலேசியா என்று எழுதினால் லிண்ட் கண்டுபிடிக்காது. அது எழுதும் முறையைத்தான் சோதிக்கும்; உங்கள் எண்ணத்தை அறியாது.

செய்து பாருங்கள்: மேற்கோள் குறியின்றி 017 என்று எழுதினால் இரு பதிப்புகளும் எப்படிப் படிக்கும்?

(விடை: 1.1 பதிப்பில் 15, 1.2 பதிப்பில் 17)