எரிபொருள் செலவும் வாகனத் தேர்வும் – மைசூரு தரும் பாடம்

மைசூரு நகரின் யாதவகிரிப் பகுதியில் 1961ஆம் ஆண்டில் ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. செக்கோஸ்லோவாக்கிய நாட்டு ஜாவா நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் உருவான வாகனம் அது. 1973 முதல் எஸ்டி என்னும் பெயரில் வெளிவந்தது. உறுதிக்கும் இழுவைத் திறனுக்கும் அது பெயர் பெற்றிருந்தது. எனினும் 1996ஆம் ஆண்டில் ஆலை மூடப்பட்டது. ஓர் ஆலை நலிவடைவதற்குக் காரணங்கள் பல இருக்கும். அவற்றுள் எரிபொருள் பற்றிய காரணம் இன்றைய மின்சாரக் கார் விவாதத்திற்கும் பொருந்துவதால், அதை முதலில் காண்பது பயனுடையது.

எஸ்டி வண்டியில் இருந்தது இருவீச்சு இயந்திரம். அதில் எரிந்த வாயு வெளியேறும் அதே வேளையில் புதிய பெட்ரோல் கலவை உள்ளே நுழைகிறது. ஆகவே பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலேயே புகைக்குழாய் வழியாக வெளியேறிவிடும். மசகு எண்ணெயையும் பெட்ரோலுடன் கலந்தே ஊற்ற வேண்டும். பெட்ரோல் மலிவாக இருந்தவரை இக்குறை எவருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. 1973ஆம் ஆண்டிலும், மீண்டும் 1979ஆம் ஆண்டிலும் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை ஏறியது. 1985இல் ஹீரோ ஹோண்டா நிறுவனம் நான்கு வீச்சு இயந்திரம் பூட்டிய 100 சி.சி. வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேகத்தையோ வலிமையையோ பேசாமல், பெட்ரோல் சிக்கனத்தையே முன்வைத்து அது விற்கப்பட்டது. 1991 முதல் புகை வெளியீட்டு விதிகளும் வந்து சேர்ந்தன. வாங்குவோர் வண்டியின் விலையுடன், அது ஓடும் காலமெல்லாம் ஆகும் செலவையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினர் என்பதே இங்கு கருதத்தக்கது.

முன்னோடியான முயற்சி

மின்சாரக் கார் என்பது கர்நாடகத்திற்குப் புதியதன்று. சேத்தன் மைனி முன்னின்று உருவாக்கிய ரேவா என்னும் சிறு கார் 2001இல் பெங்களூருவில் விற்பனைக்கு வந்தது. ஈய-அமில மின்கலங்களால் இயங்கிய அக்கார், ஒருமுறை மின்னேற்றம் செய்தால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடும். ஓடும் செலவு மிகக் குறைவு. ஆயினும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மின்கலங்கள் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்ததால், பெட்ரோலில் மிச்சமான பணம் மின்கலத்திற்குச் சென்றது. அதே கார் 2004 முதல் லண்டன் நகரில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓரளவு நன்றாகவே விற்பனையாயிற்று. அந்நகரில் 2003ஆம் ஆண்டு முதல் வாகனங்கள் மீது விதிக்கப்பட்ட நெரிசல் கட்டணத்திலிருந்து மின்சாரக் கார்களுக்கு விலக்கு இருந்ததே அதற்கு முக்கியக் காரணம். வண்டி ஒன்றே, வரி விதிப்பு வேறு, ஆகவே வாங்குவோரின் கணக்கும் வேறாயிற்று. 2010இல் ரேவா நிறுவனம் மகிந்திரா குழுமத்தின் வசமாயிற்று.

இன்றைய கார்களில் ஈய-அமிலத்திற்குப் பதிலாக லித்தியம் அயனி மின்கலங்கள் உள்ளன. தயாரிப்பாளர் பலர் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை மின்கலத்திற்கு உத்தரவாதம் அளிக்கின்றனர். ரேவாவை வருத்திய குறை பெருமளவு நீங்கியுள்ளது எனலாம்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

பெட்ரோல் விலையை அரசு நிர்ணயிக்கும் முறை 2010 ஜூனில் கைவிடப்பட்டது. 2017 ஜூன் முதல் நாள்தோறும் விலையை மாற்றும் முறை நாடெங்கும் வந்தது. 2021 ஜூனில் பெங்களூருவில் பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாயைக் கடந்தது. கணக்கின் எளிமை கருதி 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். நகருக்குள் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் சிறிய காருக்குக் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 25 காசு செலவாகும். அதே அளவுள்ள மின்சாரக் கார், மின்னேற்றத்தில் நேரும் இழப்பையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும் எனக் கொள்வோம். வீட்டு மின்சாரம் வரி உட்பட யூனிட் 7 ரூபாய் எனில் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 17 காசு. ஆக, ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஏறக்குறைய 5 ரூபாய் மிச்சம்.

இந்த ஐந்து ரூபாயை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவோர் உண்டு. ஆனால் எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வியே முதன்மையானது. மைசூரு, 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 9 இலட்சம் மக்கள் வாழ்ந்த, அடக்கமான அமைப்புடைய நகரம். அதன் வெளிவட்டச் சாலையை ஒருமுறை சுற்றி வந்தாலும் சுமார் 42 கிலோமீட்டர்தான். குவெம்புநகரிலிருந்து பல்கலைக்கழக வளாகத்திற்கோ, தேவராஜா மார்க்கெட்டிற்கோ சென்று திரும்பும் குடும்பத்தின் கார் மாதம் 400 கிலோமீட்டர் ஓடினால் அதுவே அதிகம். அவ்வாறாயின் ஆண்டுக்கு 4,800 கிலோமீட்டர். மிச்சம் 24,000 ரூபாய். பெட்ரோல் காருக்கும் மின்சாரக் காருக்கும் விலை வேறுபாடு 3 இலட்சம் ரூபாய் எனில், அத்தொகைக்கு 9 சதவிகித வட்டியே முதல் ஆண்டில் 27,000 ரூபாய் ஆகிவிடும். எண்ணெய் மாற்றம் முதலிய பராமரிப்பில் சில ஆயிரம் குறையும் என்பது உண்மையே. ஆனாலும் கணக்கு சரிக்குச் சரியாகவே நிற்கும்.

இதில் ஒரு முரண்பாடு உள்ளது. மின்சாரக் காரின் ஓட்ட எல்லை மைசூரு போன்ற நகருக்குத் தாராளமாகப் போதும். ஆனால் தூரம் குறைவாக இருப்பதனாலேயே அதன் ஆதாயமும் அங்குக் குறைகிறது.

கர்நாடகத்தில் இக்கணக்கிற்கு மற்றொரு சிக்கலும் உண்டு. 2023 ஆகஸ்டில் தொடங்கிய கிருக ஜோதித் திட்டத்தின் விதிப்படி, மாதப் பயன்பாடு 200 யூனிட்டுக்குள் உள்ள வீடுகளுக்கு, அவற்றின் முந்தைய சராசரியை ஒட்டிய அளவுக்கு மின் கட்டணம் இல்லை. 200ஐத் தாண்டினால் முழுத் தொகையையும் செலுத்த வேண்டும். மாதம் 150 யூனிட் பயன்படுத்தும் வீட்டில் காருக்கென 67 யூனிட் கூடினால் மொத்தம் 217 ஆகிறது. அதுவரை ஒன்றும் செலுத்தாத குடும்பம் 1,519 ரூபாய் செலுத்த நேரும். அதாவது காருக்குச் சென்ற ஒவ்வொரு யூனிட்டும் ஏறத்தாழ 23 ரூபாய். மாதம் 2,000 ரூபாயாக இருந்த மிச்சம் ஆயிரத்திற்கும் கீழே இறங்கிவிடும். இரு திட்டங்களும் தனித்தனியே நல்ல நோக்கமுடையவை. ஆயினும் ஒன்று மற்றொன்றின் பயனைக் குறைப்பதை வகுத்தோர் எண்ணியிருக்க மாட்டார்கள். காருக்கெனத் தனி மீட்டர் பொருத்த இயன்றால் இச்சிக்கல் தீரும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அது அத்தனை எளிதன்று.

நெடுந்தூரப் பயணம் வேறு வகை. மைசூரு–பெங்களூரு விரைவுச் சாலை 2023 மார்ச் 12 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சென்று திரும்ப 280 கிலோமீட்டருக்கும் மேல் ஆகிறது. சிறிய மின்கலம் பொருத்திய கார் வழியில் எங்கேனும் மின்னேற்றம் செய்தே ஆக வேண்டும். பொது நிலையத்தில் யூனிட் 20 ரூபாய் எனில் கிலோமீட்டருக்கு 3 ரூபாய்க்கு மேல் செலவாகி, மிச்சம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு மிகுந்து, ஓட்ட எல்லையும் சுருங்கும். வாரந்தோறும் பெங்களூரு செல்வோர் பெரிய மின்கலம் வாங்கக் கூடுதல் பணம் தர வேண்டியுள்ளது.

மிகுதியாக ஓடும் வாகனங்கள்

நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாள் ஓடும் வாடகைக் காரை எடுத்துக்கொள்வோம். வீட்டு மின்சார விலையில் அதன் மிச்சம் ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய். விலை வேறுபாடு இரண்டே ஆண்டுகளில் ஈடாகிவிடும். பேருந்தின் கணக்கும் இத்தகையதே. கர்நாடக மாநில சாலைப் போக்குவரத்துக் கழகம் தனது வெளியூர் மின்சாரப் பேருந்துச் சேவையை 2023 ஜனவரியில் பெங்களூரு–மைசூரு வழித்தடத்தில் தொடங்கியது இதனோடு ஒத்துப்போகிறது. 2019இல் தொடங்கிய இரண்டாம் கட்ட ஃபேம் திட்டத்திலும், நான்கு சக்கர வண்டிகளுள் வாடகைக்கு ஓடுவனவற்றுக்கே மானியம் ஒதுக்கப்பட்டது. சொந்தக் கார்களுக்கு இல்லை. அம்முடிவு சரியானதே.

சொந்தக் காருக்கு வரிச் சலுகையே துணை. 2019 ஆகஸ்டில் மின்சார வாகனங்களின் ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் வரியும் 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. மின்சாரக் காருக்கு இருந்த சாதகம் அந்த அளவுக்குக் கரைந்தது. கர்நாடகம் 2016இல் மின்சார வாகனங்களுக்குச் சாலை வரி விலக்கு அளித்து, 2017இல் அதற்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்ட முதல் மாநிலமாயிற்று. 2024இல் 25 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட மின்சாரக் கார்களுக்கு 10 சதவிகித வரி விதித்தது. அதே ஆண்டு ஜூனில் பெட்ரோல் மீதான மாநில விற்பனை வரி 29.84 சதவிகிதமாக உயர்ந்தது. லிட்டருக்கு லிட்டர் வருவாய் தரும் பெட்ரோல் ஒருபுறம், அதைக் குறைக்க முனையும் மின்சாரக் கார் மறுபுறம் என மாநில நிதித்துறை இரண்டையும் ஒருங்கே கவனிக்க வேண்டிய நிலையில் உள்ளது.

1902இல் சிவசமுத்திரத்தில் தொடங்கிய நீர்மின் நிலையத்தின் பயனாக 1908இல் மைசூரு நகரம் மின்விளக்கு பெற்றது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. கர்நாடகத்திலோ பாவகடா சூரிய மின் பூங்கா மட்டுமே 2,050 மெகாவாட் திறனுடையது. ஆனால் சூரிய மின்சாரம் கிடைப்பது பகலில். குடும்பக் கார்கள் மின்னேற்றம் செய்யப்படுவது இரவில். அலுவலகங்களிலும் கல்வி நிலையங்களிலும் பகல் முழுதும் வெயிலில் நிற்கும் கார்களுக்கு அங்கேயே மின்னேற்ற வசதி செய்வது, புதிய பொது நிலையங்கள் அமைப்பதைக் காட்டிலும் குறைந்த செலவில் முடியக்கூடிய பணியாகும்.