ஸ்போர்ட்ஸ் டே வருதா? கொடியும் பாம்பாமும் நாமே செய்யலாம்!

ஸ்போர்ட்ஸ் டே நெருங்கினால் ரெட், புளூ, க்ரீன், யெல்லோ எந்த ஹவுஸ் பிள்ளை இருக்கும் வீட்டிலும் பரபரப்புதான். பிள்ளைகளோடு உட்கார்ந்து நாமே செய்தால், தான் செய்த கொடியைத் தானே தூக்கி நடக்கும் பெருமை அவர்களுக்குக் கிடைக்கும். செய்து பார்த்துக் கற்றவை இவை:

1. துணி எடுக்கும் முன் ஹவுஸ் ஆசிரியரிடம் சாம்பிள் துண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பச்சை என்றால் கிளிப்பச்சையா, கரும்பச்சையா? கடை விளக்கில் நிறம் மாறித் தெரியும். வெளியே பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள்.

2. கொடிக்கு 3 அடி நீளம், 2 அடி அகலம் போதும். பாப்ளின் துணி லேசானது, பெயிண்டும் நன்றாகப் பிடிக்கும். கம்பு நுழையும் பக்கம் 3 அங்குலம் கூடுதலாக விட்டு மடித்துத் தையுங்கள். அந்த மடிப்பின் மேல் வாயைத் தைத்து மூடிவிட்டால் கொடி கீழே சரியாது.

3. மூங்கில் கம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கையில் சிராய் ஏறாது. சிறு பிள்ளைகளுக்கு பிவிசி பைப் நல்லது. கம்பு கனத்தால் மார்ச் பாஸ்ட்டில் கை தளர்ந்து கொடி சாயும்.

4. எழுத்தின் உயரம் 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம் என்று வையுங்கள். 100 அடியில் படிக்க 10 அங்குலம் வேண்டும். ண, ணை போன்ற எழுத்துகளில் சுழி அடைபடாமலும், மெய்யெழுத்தின் புள்ளி தெளிவாகவும் இருக்கட்டும்.

5. மஞ்சள் கொடிக்குக் கறுப்பு அல்லது கருநீல எழுத்து. சிவப்பு, நீலம், கரும்பச்சைக்கு வெள்ளை. நீலத்தின்மேல் சிவப்பு எழுத்து கண்ணைக் கூசவைக்கும்.

6. புதுத்துணியை அலசி, கஞ்சி போன பிறகே ஃபேப்ரிக் பெயிண்ட் அடிக்க வேண்டும். அடியில் அட்டை வையுங்கள். ஒரு நாள் முழுக்கக் காய்ந்ததும் பின்பக்கம் இஸ்திரி போட்டால் நிறம் நிலைக்கும்.

7. க்ரேப் பேப்பர் பாம்பாம் வேண்டாம். என் மகளின் வியர்வையில் அதன் சாயம் கரைந்து, வெள்ளைச் சீருடையெல்லாம் சிவப்பானது. இப்போது பழைய சிந்தடிக் புடவையை ஒரு அடி நீளக் கீற்றுகளாக வெட்டி, நடுவில் இறுக்கிக் கட்டி, மடக்கிப் பிடிப்பகுதியில் டேப் சுற்றுகிறேன். துவைத்தாலும் கெடுவதில்லை.

8. தெர்மாகோலில் கோப்பையோ சின்னமோ செய்தால் பெவிகாலும் போஸ்டர் கலரும் மட்டும் போதும். ஸ்ப்ரே பெயிண்டும், ரப்பர் பசையும் தெர்மாகோலை அரித்துக் குழியாக்கிவிடும்.

9. டி-ஷர்ட் அச்சடிக்கிறீர்களா? ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும். ஒரே நிறம் என்றால் செலவு குறையும். பல நிறப் படத்துக்கு சப்ளிமேஷன் உண்டு. ஆனால் அது பாலியஸ்டரில்தான் பிடிக்கும். வெயிலில் நிற்கும் பிள்ளைக்குக் காட்டன்தான் சுகம்.

10. தலைப்பட்டையில் குண்டூசியும் சேஃப்டி பின்னும் கூடவே கூடாது; எலாஸ்டிக்கோ வெல்க்ரோவோ வைத்துத் தையுங்கள். விழாவுக்கு இரண்டு நாள் முன்பே எல்லாவற்றையும் மாட்டிப் பிள்ளையை ஓடவிட்டுப் பாருங்கள். அவிழ்வதும் உறுத்துவதும் அப்போதே தெரிந்துவிடும்.

11. விழா முடிந்ததும் கொடியை மடிக்காமல் அட்டைக் குழலில் சுற்றி வையுங்கள், பெயிண்ட் வெடிக்காது. அடுத்த ஆண்டு அதே ஹவுஸில் சேரும் குட்டிப் பிள்ளையிடம் உங்கள் மகளே கொடுக்கட்டும். அக்கா செய்த கொடி என்று அது நெஞ்சை நிமிர்த்தி நடக்கும்.