ஸுபுஹு நேரத்து அசதி

தியாகராய நகர்க் கடைகளில் பணிபுரியும் நம் சகோதரர்கள் பலர் வீடு திரும்பி, இஷா தொழுது படுக்க நள்ளிரவாகிவிடுகிறது. ஸுபுஹுக்கு எழ முடியாதவரை 'சோம்பேறி' என்று ஏசுமுன் சற்றே பொறுப்போம்.

உறக்கம் சுமார் 90 நிமிடத்திற்கு ஒருமுறை இலேசான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கனவுறக்கம் எனச் சுழல்கிறது. வெளிச்சத்தைக் கொண்டு நேரம் கணிப்பது மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி. படுக்கையிலும் செல்போன் பார்த்தால் அக்கணக்கு பிந்தும். இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் வெறுத்ததை நாம் அறிவோம்.

ஆனால், உரக்கக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறுபவர் எட்டு மணி நேரம் படுத்தாலும் அசதியோடுதான் எழுவார். தொண்டைத் தசை தளர்ந்து காற்றுவழியை அடைக்கும் நோய் அது. இரத்த அழுத்தத்தையும் கூட்டும். சிகிச்சை உண்டு. அத்திணறலை அவர் அறியார், அருகில் படுத்திருக்கும் மனைவியே அறிவார். மருத்துவரிடம் செல்கையில் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.