வாள்மீன் யாருக்கு உறவு?

கேள்வி: மயில்மீனுக்கும் வாள்மீனுக்கும் அலகு நீண்டிருக்கிறது. பிறகு ஏன் இரண்டையும் வெவ்வேறு குடும்பத்தில் வைக்கிறார்கள்?

பதில்: அலகு மட்டும் உறவின் அளவைச் சொல்லிவிடாது, உடல் முழுவதையும் பார்க்க வேண்டும். அலகையே குறுக்கே வெட்டிப் பாருங்கள்: வாள்மீனுடையது தட்டை, மயில்மீனுடையது உருண்டை. வால் தொடங்கும் இடத்தில் வாள்மீனுக்குப் பக்கத்துக்கு ஒரு முகடு, மயில்மீனுக்கு இரண்டு. வளர்ந்த வாள்மீனுக்குச் செதிலும் பல்லும் இருக்காது. வயிற்றுத் துடுப்பும் கிடையாது. மயில்மீனுக்கு மூன்றும் உண்டு. 1758இல் லின்னேயஸ் 'சிஃபியஸ் கிளாடியஸ்' என்று பெயரிட்ட வாள்மீன், சிஃபியிடே குடும்பத்தில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே இனம். மயில்மீனும் மார்லின்களும் இஸ்டியோஃபோரிடே குடும்பம்.

அப்படியானால் அலகு தற்செயலா என்று கேட்கலாம். இல்லை. மரபணு ஆய்வுகளின்படி இவ்விரு குடும்பங்களும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை. அலகு பொது மூதாதையிடமிருந்து வந்த சொத்து என்பதே பொருத்தமான விளக்கம். உண்மையில் நம்மை ஏமாற்றியது சூரைதான். வேகமும் உடல்வாகும் கண்டு இவற்றை நெடுங்காலம் சூரையோடு சேர்த்தார்கள். இரண்டுக்கும் உடற்சூடு உண்டே என்பது வலுவான வாதம்தான். ஆனால் சூரை நீந்தும் தசையின் வெப்பத்தைத் தேக்குகிறது. வாள்மீனோ உருமாறிய கண்தசையால் மூளையையும் கண்ணையும் மட்டும் சூடாக்குகிறது. வழி வேறு என்றால் வரலாறும் வேறு. மரபணு காட்டும் உறவினர்கள் பாரையும், தரையோடு கிடக்கும் நாக்குமீனும்! தோற்றம் வாழ்க்கையைச் சொல்லும். வம்சத்தைச் சொல்ல ஆழமான சான்று வேண்டும்.