பிழையும் பொறுப்பும்

புதிய கணினி பழுதுற்று இயங்கினால் அதனை மெய்ப்பிக்கும் கடமை யாருடையது? 1994ஆம் ஆண்டு அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கணக்கிட்டபோது விடைகள் முரண்படக் கண்டார். நிரல் முதலாகப் பிழைக்கு இடமானவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினார். வேறு பென்டியம் கணினிகளிலும் அப்பிழையே தோன்றியது. குறை, நுண்செயலியின் வகுத்தல் பகுதியில் இருந்தது. அவர் இன்டெல் நிறுவனத்திடம் முறையிட்டார். செய்தி பரவியபின்னும், துல்லியக் கணக்கீட்டுத் தேவையை மெய்ப்பிப்போர்க்கே மாற்று நுண்செயலி என்றது நிறுவனம். எதிர்ப்பு வலுக்கவே, டிசம்பர் 20 அன்று கேட்போர் அனைவருக்கும் விலையின்றி மாற்றித்தர இசைந்தது, அதற்கென 47.5 கோடி டாலரைச் செலவாகக் கணக்கில் கொண்டது. பழுதைச் சான்றுடன் உரைத்தல் வாங்குவோர் கடமை. தேவையை வினவாது திருத்தித் தருதல் ஆக்குவோர் அறம்.