இணைய வேகம் மட்டும் போதுமா?

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் என் முதலாண்டுப் பாடங்கள் இயங்கலைக்கு மாறின. கெடாவில் தோட்டத்து வீடு. மூன்று பேருக்கு ஒரே இணைப்பு. தங்கச்சிக்கும் அதே நேரத்தில் வகுப்பு இருந்தா, என் பாடு திண்டாட்டம்தான்.

மின்சுற்றுப் பாட விரிவுரையாளர் முழுக் காணொலியோடு இரண்டு மணி நேரம் நேரலையில் நடத்துவார். படவில்லைகள் அவ்வளவு அழகு! கணித விரிவுரையாளரோ வெறும் குரல்தான். கையெழுத்துக் குறிப்புகளைப் படமெடுத்துப் புலனத்தில் போடுவார். கடைசியில் நான் மின்சுற்றில் தோற்றேன், கணிதத்தில் தேறினேன். ஏன்?

டிலோன், மெக்லீன் என்ற இரு ஆய்வாளர்கள் 1992-இல் ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். ஒரு கணினி அமைப்பின் தரமும் அது தரும் தகவலின் தரமும் பயனரின் மனநிறைவைத் தீர்மானிக்கும் என்றார்கள். 2003-இல் அதைத் திருத்தியபோது மூன்றாவதாகச் சேவைத் தரத்தையும் சேர்த்தார்கள். அதாவது, சிக்கல் வரும்போது உதவ ஆள் இருக்கிறாரா?

முதல் தரத்தைப் பொறியியல் கண்ணோடு பாருங்கள். பேச்சு ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. குரலுக்கு நொடிக்கு 100 கிலோபிட்கூடத் தேவையில்லை. காணொலிதான் அலைவரிசையை விழுங்கும். கேமராவை அடைச்சாலே பாதிச் சிக்கல் தீரும். ஆனால் அலையே எட்டாத இடத்தில் அதுவும் உதவாது. அதே 2020-இல் சபாவில் ஒரு மாணவி தேர்வெழுத மரத்தில் ஏறி உட்கார்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

நீளமும் முக்கியம். எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் காணொலிப் பார்வைகளை ஆராய்ந்த 2014 ஆய்வில், கவனம் ஏறக்குறைய ஆறு நிமிடம்தான் நின்றது. எனக்கு இரண்டு மணி நேரம்!

ஆனா என்னைக் கவிழ்த்தது மூன்றாவதுதான். மின்சுற்று வகுப்பில் கிர்க்காஃப் விதி பற்றி அரட்டைப் பெட்டியில் கேட்டேன். மூன்று வாரமாகப் பதிலே இல்லை. பிறகு நானும் கேட்பதை விட்டுட்டேன். கணிதத்தில் இரவு பத்து மணிக்குக்கூட ஒரு வரி பதில் வந்துடும்.

இப்போது நம் மன்றத்தின் சனிக்கிழமைத் தேவார வகுப்பை இயங்கலையில் நான்தான் நடத்துகிறேன். கேமரா கட்டாயமில்லை, ஒவ்வொரு பாடலையும் தனித் தனியாகப் பதிவு செய்து அனுப்புகிறேன். ஒரு தம்பி மட்டும் வாயே திறப்பதில்லை. ஞாயிறு மாலை அவனுக்குப் போன் போட்டு, ஒரு அடி பாடச் சொல்லிக் கேட்கிறேன்.